சிவகாமிக்கு ஏன் அந்த முடிவு? 'சிவகாமியின் சபதம்' கடைசி அத்தியாயங்கள் குறித்து ஒரு மனக்குறை

மயிலை வாசகி:

வணக்கம். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' சரித்திர நாவலை மறுபடியும் முழுக்கப் படித்து முடித்தேன். பள்ளி நாட்களில் படித்தபோது கடைசி அத்தியாயத்தில் அழுதேன். இப்போது அழுகை வரவில்லை, கோபம் வருகிறது. இன்னும் படித்து முடிக்காதவர்கள் இந்த இழையை இப்போதே மூடிவிடுங்கள்; கடைசிப் பக்கம் வரை பேசப்போகிறேன்.

பல்லவ இளவரசர் மாமல்லரும் (முதலாம் நரசிம்மவர்மன்), சிற்பி ஆயனரின் மகளான நடனக் கலைஞர் சிவகாமியும் சேரவில்லையே என்று நான் புலம்பவில்லை. சேராத காதல் தமிழுக்குப் புதிதல்ல. முதல் பாகத்தில் காஞ்சியில் சிவகாமியின் அரங்கேற்றம் நடக்கும்போது போர்ச் செய்தி வந்து ஆட்டம் பாதியில் நிற்கிறதே, அப்போதே இந்தக் காதலுக்கு நல்ல காலம் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. அதை மனம் ஏற்றுக்கொள்கிறது. சிவகாமிக்கு உண்மை தெரியவரும் விதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோனவர்கள் சாட்டையடி படாமல் இருக்க வேண்டும் என்பதற்காக சாளுக்கியர் தலைநகரான வாதாபியின் நாற்சந்திகளில் ஆடியவள் அவள். ஒரு கலைஞருக்கு அதைவிடப் பெரிய அவமானம் உண்டா? அந்த அவமானத்திலிருந்துதான் சபதம் பிறக்கிறது. வாதாபி எரிந்த பிறகுதான் இந்த ஊரை விட்டுக் கிளம்புவேன் என்கிறாள். ஒன்பது ஆண்டுகள் காத்திருக்கிறாள். வாதாபி எரிகிறது. மீட்டு அழைத்து வருகிறார்கள். அந்த மனிதருக்கு மணமாகி, இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பதை யார் அவளுக்குச் சொல்ல வேண்டும்? மாமல்லர் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? எதிரில் நின்று, கண்ணைப் பார்த்து, ஒரு வாக்கியம். அதைக்கூட அவர் செய்யவில்லை. காஞ்சி வீதியில் வெற்றி ஊர்வலம் போகிறது. தோழி கமலியின் வீட்டிலிருந்து இவள் ஊர்க்காரி ஒருத்தியைப் போல வேடிக்கை பார்க்கிறாள். பட்டத்து ராணியும் குழந்தைகளும் கண்ணில் படுகிறார்கள். கமலியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள்.

அதற்குப் பிறகு எல்லாம் விரைந்து முடிந்துவிடுகிறது. நான்கு பாகங்களாக வளர்ந்த ஒரு பெண்ணுக்கு ஏகாம்பரநாதரே கணவர் என்று ஆகிவிடுகிறது. மாமல்லர் கண்ணீரோடு திரும்பிப் போகிறார். படிக்கிற நாமும் அந்தக் கண்ணீருக்காகத்தான் உருகுகிறோம். என் கோபமே அங்கேதான். சிவகாமியின் சபதத்துக்குப் 'பிடிவாதம்' என்று பெயர். மாமல்லரின் திருமணத்துக்கு 'ராஜதர்மம்' என்று பெயர். நாவலின் தலைப்பில் அவள் பெயர் இருக்கிறது, பழியும் அவள் தலையிலேயே விழுகிறது.

கல்கியின் மீது எனக்கு இருக்கும் மதிப்பு கொஞ்சமும் குறையவில்லை. மதிப்பு இருப்பதால்தான் இத்தனை ஆதங்கம். உங்களுக்கும் இப்படித் தோன்றியதுண்டா?

கல்வெட்டு:

உங்கள் வருத்தம் புரிகிறது, அம்மா. ஆனால் ஆசிரியரின் கை எவ்வளவு கட்டப்பட்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். முதலாம் நரசிம்மவர்மனுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவன் அவன் மகன் இரண்டாம் மகேந்திரவர்மன். அவனுக்குப் பின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன். ஆக, மாமல்லர் மணம் செய்துகொண்டார், வாரிசு பிறந்தது என்பதை எந்த நாவலாசிரியராலும் மாற்ற முடியாது. 642ஆம் ஆண்டு வாதாபி வீழ்ந்ததும் அப்படித்தான். வாதாபியின் இன்றைய பெயரான பாதாமியில், பாறையிலேயே நரசிம்மவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. கூரம் செப்பேடு இன்னும் ஒரு படி மேலே போய், தோற்று ஓடிய சாளுக்கிய மன்னன் புலிகேசியின் முதுகில் 'வெற்றி' என்ற சொல்லையே எழுதினான் என்று பாடுகிறது.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 'பார்த்திபன் கனவு' இதற்கு முன்பே, 1941-43 காலத்தில் தொடராக வந்துவிட்டது. அதில் நரசிம்மவர்மர் வயதில் மூத்த சக்கரவர்த்தி. குந்தவி அவருடைய செல்ல மகள். 1944இல் 'சிவகாமியின் சபதம்' தொடங்கும்போதே அந்தக் குந்தவிக்கு ஒரு தாய் வேண்டும் என்ற கணக்கு போடப்பட்டாயிற்று. சரித்திரம் ஒரு பக்கம், தானே எழுதிய முந்தைய நாவல் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் கல்கி என்ன செய்வார்?

மயிலை வாசகி:

ஐயா, கல்வெட்டுகளை மறுக்க நான் யார்? ஆனால் நீங்கள் சொன்னதிலேயே என் கட்சிக்கு ஒரு பலம் இருக்கிறது. சரித்திரம் மாமல்லரைக் கட்டியது, சிவகாமியைக் கட்டவில்லை. எந்தச் செப்பேட்டிலும் அவள் இல்லை. ஆயனரும் இல்லை. அவர்கள் முழுக்க முழுக்கக் கல்கியின் படைப்பு. மாமல்லர் பாண்டிய குமாரியைத்தான் மணக்க வேண்டும் என்றால் மணக்கட்டும். தளை எதுவும் இல்லாத ஒருத்தியை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாமே? ஆயனரின் சிற்பக் கூடத்துக்குத் தலைவியாக்கியிருக்கலாம். பத்துப் பெண்களுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியையாக்கியிருக்கலாம். மாமல்லபுரத்துப் பாறைகளில் அவளுடைய அபிநயங்களைத்தானே தந்தை செதுக்குகிறார்? அந்தக் கலைக்கு அவள் வாரிசு இல்லையா? அரசன் இல்லை என்றால் ஆண்டவன் என்ற இரண்டே வாசல்களைத்தான் அவளுக்குத் திறந்துவைத்தார் கல்கி. அதுவும் முதல் வாசலை முகத்தில் அடித்துச் சாத்திய பிறகு.

பழைய மாம்பலம்:

நான் மாமல்லர் பக்கம் பேசுகிறேன். இந்த இழையில் அவருக்கு வக்கீல் யாரும் வருவதாகத் தெரியவில்லை.

மாறுவேடத்தில், உயிரைப் பணயம் வைத்து, பகைவனின் தலைநகருக்குள்ளேயே போனவர் அவர். "வா, போகலாம்" என்று கூப்பிட்டார். மறுத்தது யார்? அன்று அவள் கிளம்பியிருந்தால் கதையே வேறு. காதலித்த பெண்ணே "உன்னோடு வரமாட்டேன், முதலில் ஊரை எரித்துவிட்டு வா" என்று சொன்னால் அந்த மனிதனின் நெஞ்சு என்ன பாடுபடும் என்று யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

அதன் பிறகு மரணப்படுக்கையில் தந்தை மகேந்திரர் பாண்டிய சம்பந்தத்தைக் கேட்கிறார். வடக்கே இவ்வளவு தூரம் படை நடத்திப் போக வேண்டுமானால் தெற்கு எல்லையில் பகை இருக்கக் கூடாது. அதாவது சிவகாமியின் சபதத்தை நிறைவேற்றுவதற்கே அந்தத் திருமணம் தேவைப்பட்டது. இதுதான் இந்த நாவலின் நெஞ்சைப் பிழியும் இடம் என்று நான் நினைக்கிறேன். அவள் கேட்டதைக் கொடுக்க வேண்டுமானால் அவளை இழந்தாக வேண்டும். இதற்கு மேல் ஒரு கதாசிரியன் என்ன முடிச்சுப் போட முடியும்? இதை அவசரமான முடிவு என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மயிலை வாசகி:

மாம்பலம் அண்ணா, அந்த முடிச்சை நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நீங்கள் சொன்னதைவிட அழகாக அதைச் சொல்ல முடியாது. ஆனால் மாமல்லர் இதை யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? உங்களிடமும் என்னிடமுமா? "உன் சபதத்துக்கு நான் கொடுத்த விலை இது" என்று அவளிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அப்படிச் சொல்லியிருந்தால் சிவகாமி உடைந்துபோயிருப்பாள், ஆனால் அவமானப்பட்டிருக்க மாட்டாள். வாசகர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு நியாயம் அவள் ஒருத்திக்கு மட்டும் சொல்லப்படாமல் போயிற்று.

வாதாபியை விட்டு அவள் வர மறுத்ததையும் வேறு விதமாகப் பார்க்கலாம். நாற்சந்தியில் ஆடவைத்த ஊரிலிருந்து இருட்டில் ஒளிந்து ஓடிவர அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அதே வீரத்தை ஓர் ஆண் காட்டியிருந்தால் மறம் என்று பாடியிருப்போம்.

சதங்கை:

நான் நடனம் கற்றுக்கொடுப்பவள், வேளச்சேரியில் வகுப்பு எடுக்கிறேன். இந்த முடிவு எனக்கு வேறொரு காரணத்தால் நெருடுகிறது.

தொடர் முடிந்த ஆண்டு 1946. அந்தக் காலத்துச் சென்னையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்துப்பாருங்கள். கோயிலில் பெண்களுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசியாக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று முத்துலட்சுமி ரெட்டி 1920களின் கடைசியில் சட்டசபையில் தொடங்கிய முயற்சி, 1947இல்தான் முழுமையான தடைச் சட்டமாக நிறைவேறியது. நடனத்துக்கு ஒரு புதிய மரியாதையைத் தேடிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு கூட்டமே பாடுபட்டது. அடையாற்றில் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கியது 1936இல். கல்கியும் இந்தக் கலைக்காகத் தம் எழுத்தில் உரக்கக் குரல் கொடுத்தவர்தான். அப்படிப்பட்டவர், ஆடல்மகள் ஒருத்தி இறைவனின் சந்நிதியில் திருமாங்கல்யம் சூட்டிக்கொள்வதை நாவலின் சிகரமாக வைக்கிறார். சட்டம் தடுக்கப் புறப்பட்ட சடங்கையே கதை புனிதமாக்குகிறது.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என்னிடம் கற்கும் ஒரு பெண் இந்த நாவலைப் படித்துவிட்டு, "ஆடுகிறவர்களுக்குக் கல்யாணம் இப்படித்தான் முடியுமா அக்கா?" என்று கேட்டாள். சலங்கையை அவிழ்த்து ஒவ்வொரு மணியாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தேவாரப் பித்தன்:

சதங்கை அவர்களே, இரண்டும் ஒன்றல்ல. பொட்டுக்கட்டும் வழக்கத்தில் சின்னஞ்சிறு பெண்ணுக்காகப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். சிவகாமி எல்லாம் கண்டு, எல்லாம் இழந்து, தானே எடுத்த முடிவு அது. ஆண்டாளை யாரும் அரங்கனிடம் தள்ளிவிடவில்லை.

முடிவு அவசரம் என்று மயிலை வாசகி எழுதியிருக்கிறார். அது முதலிலிருந்தே நாவலுக்குள் இருக்கிறது என்பதுதான் என் எண்ணம். அப்பர் பெருமானின் திருத்தாண்டகம், ஆறாம் திருமுறையில் திருவாரூருக்குப் பாடியது:

முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்
மூர்த்தி அவனிருக்கும் வண்ணம் கேட்டாள்
பின்னை அவனுடைய ஆரூர் கேட்டாள்
பெயர்த்தும் அவனுக்கே பிச்சி யானாள்
அன்னையையும் அத்தனையும் அன்றே நீத்தாள்
அகன்றாள் அகலிடத்தார் ஆசாரத்தை
தன்னை மறந்தாள்தன் நாமம் கெட்டாள்
தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே

இந்த நாவலின் எலும்புக்கூடே இந்தப் பாட்டுத்தான். அப்பரையே ஒரு பாத்திரமாகக் கொண்டுவந்து, அவர் பாட்டுக்கு அவளை ஆடவைத்து, அதே பாட்டோடு கதையை நிறைவு செய்கிறார் கல்கி. பாட்டில் வரும் நங்கை படிப்படியாகத் தன்னை இழக்கிறாள். முதலில் பெயர், பிறகு உருவம், பிறகு ஊர். பிறகு பித்து. பெற்றோரை விடுகிறாள், உலகத்தார் ஒழுக்கத்தை விடுகிறாள், கடைசியில் தன் பெயரையே இழக்கிறாள். சிவகாமிக்கும் அதே வரிசைதான். இடையில் மாமல்லர் வருகிறார், போகிறார். பாட்டைத் தெரிந்து படிப்பவருக்கு முடிவு அதிர்ச்சியே இல்லை.

மயிலை வாசகி:

இந்தப் பதிலுக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஐயா. இதைப் படித்த பிறகு நேற்று இரவு முதல் பாகத்தை மறுபடியும் எடுத்துவைத்துக்கொண்டேன். பாட்டுத்தான் எலும்புக்கூடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதனாலேயே என் மனக்குறை கூடுகிறது.

அப்பரின் நங்கை முதலில் கேட்ட பெயரே அவனுடையது. அவள் மனம் வேறெங்கும் போகவில்லை, போய்த் திரும்பவும் இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே நேர்கோடு. சிவகாமி முதலில் கேட்ட நாமம் மாமல்லருடையது. அவள் பிச்சியானதும் அவருக்காக. ஆசாரத்தை விட்டதும் அவருக்காக. அந்த மனிதர் இல்லை என்று ஆன பிறகு, கடைசி வரிக்கு மட்டும் ஏகாம்பரநாதர் வருகிறார். ஏழு வரி ஒருவருக்கு, எட்டாவது வரி இன்னொருவருக்கு. இதை எப்படி அப்பரின் பாட்டோடு பொருத்துவது? பக்தியைத் தேடி நடந்துபோவது வேறு. ஊர்வலத்தைப் பார்த்த அதிர்ச்சியில் கோயிலுக்குள் ஒதுங்குவது வேறு. இரண்டாவதை முதலாவது போலக் காட்டும்போது இறைவனுக்கே அது மரியாதையாக இருக்கிறதா?

சைவக் குடும்பத்தில் பிறந்தவள்தான் நானும். தேவாரம் எங்கள் வீட்டில் தினமும் ஒலிக்கும். அதனால் இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேவாரப் பித்தன்:

துன்பம் வந்த பிறகு இறைவனிடம் வருவதைக் குறைவாகப் பேசாதீர்கள், அம்மா. சூலை நோய் வந்த பிறகுதான் அப்பரே அதிகைக்கு வந்தார். "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்றுதான் தொடங்கினார். வலியோடு வந்தவர் என்பதால் அவர் பக்தி இரண்டாம் தரம் ஆகிவிட்டதா?

மயிலை வாசகி:

இது வலுவான வாதம். இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

அடையாறு ஆலமரம்:

சுருக்கமாக ஒன்று. கல்கிக்குத் திருமணங்களைக் காட்டுவதில் அத்தனை நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. 'பொன்னியின் செல்வ'னில் மணிமேகலை வந்தியத்தேவனின் மடியில் உயிர் விடுகிறாள். நந்தினி எங்கோ மறைந்துபோகிறாள். குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் நடந்தது என்று தெரிந்துகொள்ளக் கதைக்கு வெளியே, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு போன்றவற்றில்தான் பார்க்க வேண்டும். ஐந்து பாகம் படித்தவனுக்கு அந்த முகூர்த்தத்தைக் கண்ணில் காட்டவில்லை. எனக்கு இதில் நீண்ட காலமாகவே வருத்தம் உண்டு.

கல்வெட்டு:

ஆலமரம், 'பார்த்திபன் கனவு' விதிவிலக்கு. குந்தவியும் விக்கிரமனும் சேர்கிறார்கள். யார் சேர்த்துவைக்கிறார் என்று பாருங்கள். அதே மாமல்லர். தன்னோடு போரிட்டு மாண்ட பார்த்திபனின் மகனுக்குத் தன் மகளைக் கொடுத்து, சோழநாட்டுக்குச் சுதந்திரமும் தருகிறார். கதை வரிசைப்படி படித்தால், தனக்குக் கிடைக்காததை மகளுக்குக் கொடுத்த ஒரு தந்தையாக அவர் தெரிகிறார். எழுதிய வரிசை வேறு என்றாலும், என் மனத்துக்கு இது ஆறுதல்.

அல்லிக்கேணி:

எங்கள் வீட்டில் இந்த நாவல் புத்தகமாக இல்லை. பாட்டி வாராவாரம் இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டு செய்துவைத்த தொகுதிகளாக இருக்கிறது. காலிகோ அட்டை உரிந்து, உள்ளே கோந்து பழுப்பேறி, பக்கத்தைத் திருப்பினால் ஓரம் பொடியாக உதிரும். படங்களுக்கு மேலே மெல்லிய காகிதம் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

பாட்டியின் தலைமுறைக்கு இந்தக் கதை எப்படிப் பட்டது என்று நான் அவரிடமே கேட்டிருக்கிறேன். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே காலியானபோது எங்கள் குடும்பமும் மூட்டை முடிச்சோடு ஊருக்குப் போனது. திரும்பி வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இந்தத் தொடர் ஆரம்பம். காஞ்சி முற்றுகையைப் படித்தபோது அவர்களுக்கு அது பழங்கதையாகவே தோன்றவில்லையாம். சிறைப்பட்டவர்கள், மீட்கப்படாத மண், சபதம் எல்லாமே அன்றாடப் பேச்சு. அதனால் "சிவகாமி அன்றே மாமல்லரோடு கிளம்பியிருக்கலாம்" என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஊர்வலம் வரும் அத்தியாயத்தின் ஓரத்தில் பாட்டி பென்சிலால் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார். அவர் கோபம் மாமல்லர் மேல் இல்லை. "கமலிக்குத் தெரியுமே. வந்த அன்றே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று இருக்கிறது. நாம் இத்தனை பேர் வாதாடுகிறோம், கமலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சதங்கை:

அல்லிக்கேணி, இதைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், கமலி! ஆனால் கமலியின் நிலைமையையும் பார்க்க வேண்டும். அவள் கணவன் கண்ணபிரான் வாதாபியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. புலிகேசியின் சகோதரனான பிக்ஷு நாகநந்தி வீசிய கத்திக்கு இரையாகிவிட்டான். யாரை மீட்கப் போய் அவன் இறந்தானோ அவளே கமலியின் வீட்டில் இருக்கிறாள். கமலி அவளை வெறுத்திருந்தால்கூட நாம் குறை சொல்ல முடியாது. அவளோ அணைத்துக்கொள்கிறாள். அந்த வாயிலிருந்து "உன் மாமல்லருக்கு மணமாகிவிட்டது" என்று எப்படி வரும்?

பழைய மாம்பலம்:

கமலி சொல்ல வேண்டிய செய்தி அல்ல அது. இந்த இடத்தில் நான் மயிலை வாசகியின் பக்கம் சாய்கிறேன். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் தலையில் அந்தப் பொறுப்பும் வந்து விழுந்தது என்றால், சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை என்றுதான் பொருள். திருமணம் தவறில்லை என்று இப்போதும் சொல்வேன். மௌனத்துக்கு என்னால் வாதாட முடியவில்லை.

வானமாதேவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பாண்டிய குமாரிக்கும் இந்த முடிவு நியாயம் செய்யவில்லை. கணவரின் மனத்தில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே அரண்மனையில் காலம் தள்ளுகிறவள் அவள். வெற்றி ஊர்வலத்தில் வீற்றிருக்கும்போது அவள் நெஞ்சுக்குள் என்ன ஓடியது? வேடிக்கை பார்த்த பெண்ணின் வலியை நாம் பேசுகிறோம். மேலே இருந்தவளை யாரும் கேட்பதில்லை.

அடையாறு ஆலமரம்:

உண்மை. மாமல்லரின் தளபதி பரஞ்சோதிக்கும் அவர் மனைவி உமையாளுக்கும் மட்டும்தான் இந்த நாவலில் நிம்மதியான இல்லறம் கிடைக்கிறது. அதுவும் பெரியபுராணத்தில் அவர்களுக்காகக் காத்திருப்பது என்ன என்று தெரிந்தவர்களுக்கு அந்த நிம்மதியும் நிலைக்காது. பின்னாளில் சிறுத்தொண்டர் ஆகும் பரஞ்சோதியின் வீட்டுக்குப் பிள்ளைக்கறி கேட்டு ஒருவர் வரப்போகிறார்.

கல்வெட்டு:

மயிலை வாசகிக்கு ஒரு கேள்வி. உங்கள் விருப்பப்படி ஓர் அத்தியாயம் சேர்க்கலாம் என்றால் எங்கே சேர்ப்பீர்கள்?

மயிலை வாசகி:

வாதாபியில் தீ அணைந்த பிறகு, அவளைக் காஞ்சிக்கு அனுப்பிவைப்பதற்கு முன்னால். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ளமாட்டேன். மாமல்லர் தனியாக வர வேண்டும். கிரீடம், மெய்க்காவலர், பரஞ்சோதி யாரும் வேண்டாம். ஆயனர் பக்கத்தில் இருக்கலாம். அவருக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு. மரணப்படுக்கையில் தந்தை கேட்டதையும், மந்திரிகள் சொன்னதையும், பிள்ளைகளின் பெயர்களையும் மாமல்லர் தன் வாயால் சொல்லட்டும். பிறகு சிவகாமி பேசட்டும். அவள் திட்டலாம், அழலாம், எழுந்து போய்விடலாம். பேச்சே வராமல்கூட இருக்கலாம். ஆனால் அந்த நேரம் அவளுடையதாக இருக்க வேண்டும். அதன் பிறகு காஞ்சிக்குத் திரும்புவதா வேண்டாமா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். அப்படி முடிவெடுத்து அவள் ஏகாம்பரநாதரின் சந்நிதிக்குத்தான் போவாள் என்றால், தேவாரப் பித்தன் ஐயாவோடு சேர்ந்து நானும் அந்தப் பாட்டை முழு மனத்தோடு பாடுவேன். சூலை நோய் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அப்பருக்குத் தன் நோய் இன்னதென்று தெரிந்திருந்தது. தெரிந்து அவர் நடந்து வந்தார். சிவகாமிக்கு அந்த வாய்ப்பு கொடுக்கப்படவில்லை.

அல்லிக்கேணி, பாட்டியின் அந்தப் பக்கத்தை முடிந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். உதிர்கிற தாள் என்கிறீர்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

சதங்கை:

ஒரு செய்தி. என் மாணவிகளின் ஆண்டு நிகழ்ச்சிக்கு அப்பரின் இந்தத் தாண்டகத்தை விருத்தமாகப் பாடவைத்து, சிவகாமியின் கதையை அபிநயத்தில் கொண்டுவரலாம் என்று எண்ணியிருந்தேன். வழக்கமாக எல்லாரும் கடைசி வரிக்குத்தான் நேரம் எடுத்துக்கொள்வார்கள். கோயில், மாலை, கற்பூரம், கைகூப்பல் என்று கைதட்டலும் அங்கேதான் விழும். இந்த இழையைப் படித்த பிறகு ஏழாவது வரியில் நிற்கலாம் என்று தோன்றுகிறது. 'தன் நாமம் கெட்டாள்.' அந்த ஒரு வரிக்குள் நாற்சந்தியில் ஆடியதும் ஊர்வலத்தைப் பார்த்ததும் இரண்டுமே அடங்கும். கமலி பாத்திரத்துக்கு அந்தச் சலங்கைப் பெண்ணையே ஆடச் சொல்லப்போகிறேன்.

தேவாரப் பித்தன்:

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், வரியைக் குறைக்க வேண்டாம்.

மயிலை வாசகி:

ஐயா சொல்வது சரி, கடைசி வரி வேண்டும். நிகழ்ச்சி எங்கே, எப்போது என்று எழுதுங்கள் சதங்கை, நிச்சயம் வருகிறேன். கமலியின் வீட்டில் சிவகாமி கேள்வி கேட்கிற இடத்தை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். "அந்தக் குழந்தைகள் யார்?" என்று அவள் கேட்பதற்கும் கமலி பதில் சொல்வதற்கும் நடுவே மிருதங்கம் ஓர் ஆவர்த்தனமாவது சும்மா இருக்கட்டும்.